ஓர்லிஞ்சத்துக்கு ஒரு டிக்கெட்

ஏவ்ரில் ஹெப்பிளிடம் "கேக் எப்படி இருக்கு?" என்று கேட்கக் கூடாது. கேட்டால் சொல்லிவிடுவாள். எங்கள் தேவாலயத்துப் பெண்கள் அவள் தட்டோடு வருவதைக் கண்டால் கூரையில் ஓட்டை ஏதும் இருக்கிறதா என்று பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். கெட்ட எண்ணம் கிடையாது. பார்த்ததைப் பார்த்தபடி சொல்லவேண்டும் என்று ஒரு பிடிவாதம், அவ்வளவுதான். சுகாதாரத் துறையில் புள்ளியியல் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவள். எந்த மருந்து வேலை செய்கிறது, எது வெறும் சர்க்கரைத் தண்ணீர் என்று கணக்குப் பார்த்துச் சொல்லுவது அவள் தொழில். "நம்ம ஆசை கணக்குக்குள்ள புகுந்துடாம வாசல்ல நிக்கறதுதான் என் வேலை" என்பாள்.

அவள் கணவர் கிளெமெண்ட் ஹெப்பிள் நேரெதிர். ஆசைதான் அவருக்கு வாசல், கூடம், அடுப்படி எல்லாம். இங்கிலாந்தின் வடகோடியில், நார்தம்பர்லாந்தில், எங்கள் பள்ளத்தாக்குக்கே ஒரே பல் டாக்டர். வேலை பார்த்த காலம் முழுக்க அவர் பக்கத்தில் எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். என் பெயர் அலமேலு. சொல்லிப் பார்த்துத் தோற்றவர்கள் எல்லாரும் 'அல்லி' என்று முடித்துக்கொண்டார்கள், ஏவ்ரில் உட்பட. கிளெம் மட்டும் ஒரு மதியம் முழுக்க என்னைச் சொல்லவைத்துக் கேட்டு, அந்த 'மேலு' வாயில் படியும்வரை பழகி, சரியாகக் கூப்பிட்டார். பெயரை அதன் சொந்தக்காரர் வாயிலிருந்துதான் கேட்டுக்கொள்ளவேண்டும் என்பது அவர் கட்சி.

அந்தக் கட்சிதான் பிறகு வீட்டுக்குள் வினையானது.

எங்கள் ஊரை எழுதுவது ஓர்லிங்ஹாம். சொல்வது ஓர்லிஞ்சம். இங்கே பிறந்த எந்தக் குழந்தையும் எழுதியிருப்பதைப் பார்த்துச் சொல்லாது. ஏவ்ரில் தெற்கே சவுத்தாம்ப்டனில் பிறந்தவள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து 'ஓர்லிங்ஹாம்' என்று எழுத்துக்கு எழுத்து உச்சரித்துக்கொண்டிருந்தாள். கறிக்கடைக்காரர் அவள் போன பிறகு அதே மாதிரி சொல்லிக்காட்டிச் சிரிப்பார். அவளுக்கும் அது தெரியும். மாற்றிக்கொள்ளவில்லை.

"அடியே தெற்கத்திக்காரி, ஒரே ஒரு தடவை சொல்லேன். ஓர்-லிஞ்-சம். வாய் சுளுக்கிக்குமா?" என்பார் கிளெம்.

"எழுதியிருக்கறதைத்தானே படிக்க முடியும்?"

"எழுதினவன் நேத்து வந்தவன்டி. சொன்னவன் படகுல வந்தவன்."

"நிரூபி. அப்போ சொல்றேன்."

கல்யாணமான புதிதில் விளையாட்டாகத் தொடங்கியது. இருவருக்கும் தலை நரைக்கும்வரை இதே வசனம். வீட்டுக்கு வந்தவர்கள் முன்னால் நாடகம் போல நடத்துவார்கள். நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அவர்கள் கண்ணில் ஒரு குறும்பு இருக்கும். கோபமே இல்லாமல் சண்டை போடத் தெரிந்த தம்பதி அவர்கள்.

கிளெம் நிரூபிக்க நினைத்தது இதுதான். கடல் தாண்டி வந்த ஆங்கிலேயக் கூட்டங்களில் முதலில் வந்தவர்கள் ஆற்றோடு ஏறி, நல்ல மண்ணாகப் பார்த்து உட்கார்ந்தார்கள். ஓர்லா என்று ஒருத்தன், அவன் ஆட்கள், அவர்கள் குடியிருப்பு: அதுதான் ஓர்லிஞ்சம். அடுத்தடுத்து வந்தவர்களுக்கு மேட்டு நிலமும் காட்டுப் பக்கமும்தான் மிச்சம். அந்த ஊர்ப்பெயர்கள் வேறு விதமாக முடியும். அதனால், பெயரைப் பார்த்தே யார் முன்னால் வந்தவன், யார் பின்னால் வந்தவன் என்று சொல்லிவிடலாம் என்றார். புத்தகம் படித்தவர்கள் சிலர் அப்படி எல்லாம் இல்லை என்று எழுதியிருந்தார்கள். கிளெம் அவர்களுடைய பல் வரிசையைப் பற்றி மட்டமாகப் பேசுவார்.

அவருக்கு ஆதாரம் எங்கிருந்து வந்தது என்றால், நாற்காலியிலிருந்து. பல்லைக் காட்டச் சொல்லுமுன் எந்த ஊர் என்று கேட்பார். மலையடிவாரத்து ஆட்டுக்காரர், கடலோரத்து மீன்காரர், எல்லாரும் அந்த நாற்காலியில் தங்கள் ஊரைச் சொல்லியிருக்கிறார்கள். எந்த ஊரை எப்படிச் சொல்கிறார்கள் என்று எல்லாம் மனப்பாடம். விருந்துகளில் இதை வைத்து ஒரு வேடிக்கை சொல்லுவார். "நான் ஊசி போட்டு வாய் மரத்ததுக்கு அப்புறந்தான் ஊரைக் கேப்பேன். அப்பத்தான் எதுத்துப் பேச மாட்டாங்க. எவன் எந்த ஊரைச் சொன்னாலும் எனக்கு வேண்டிய மாதிரியே வந்து விழும்!" என்பார். உதட்டைக் கோணிக்கொண்டு மரத்த வாயில் பேசிக் காட்டுவார். ஏவ்ரில்தான் எல்லாரையும்விட அதிகம் சிரிப்பாள்.

ஒரு வசந்தத்தில் அவருக்குக் கணையத்தில் கட்டி என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த வசந்தத்தைப் பார்ப்பது சந்தேகம் என்றார்கள். கிளெம் இரண்டு நாள் தோட்டத்தில் லீக்ஸ் என்கிற வெங்காயத்தண்டுப் பாத்தியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு உள்ளே வந்து ஏவ்ரிலிடம் கேட்டார். நானும் அங்கே இருந்தேன்.

"அக்டோபர்ல வரலாற்றுச் சங்கத்துல பேசறதா ஒத்துக்கிட்டிருக்கேன். நம்ம ஊர்ப்பேர் விஷயம். போறதுக்கு முன்னாடி அது நிஜமானு எனக்குத் தெரியணும். நீ கணக்குப் போட்டுச் சொல்லு."

"நல்லா யோசிச்சுக்கோ, கிளெம். என்ன வருதோ அதைத்தான் சொல்லுவேன்."

"அதுக்குத்தானே உன்னைக் கேக்கறேன். ஊர்ல எல்லாப் பயலும் எனக்குச் செல்லம் குடுக்கறான். இந்த வருசம் லீக்ஸ் கண்காட்சியில என் சுண்டுவிரல் கனத் தண்டுக்கு முதல் பரிசே குடுத்துருவாங்க போல இருக்கு. ஒருத்தியாவது நிஜத்தைச் சொல்லு."

ஏவ்ரில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு சரி என்றாள். அதைவிடப் பெரிய அன்பை அவளால் காட்டியிருக்க முடியாது. என் கணவருக்கு அப்படி ஒரு நிலை வந்திருந்தால் ஆமாங்க, நீங்கள் சொன்னதுதான் சரி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருப்பேன். அதனால்தானோ என்னவோ, என்னிடம் யாரும் எதையும் கணக்குப் பார்த்துச் சொல்லச் சொல்வதில்லை.

அவள் செய்ததை எனக்குப் புரிகிற மாதிரி ஒரு நாள் சொன்னாள். மாவட்டத்தில் உள்ள பழைய ஊர் ஒவ்வொன்றுக்கும் மண் என்ன, உயரம் என்ன, ஆறு எவ்வளவு தூரம், ரோமானியர் போட்ட சாலை எவ்வளவு தூரம் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிக் கொடுத்தாள்.

"இப்போ பேரை மறைச்சுட்டு இடத்தை மட்டும் காட்டறேன்னு வை. இது 'இங்ஹாம்'னு முடியற ஊரா இல்லையான்னு அது சொல்லணும். சொல்லிட்டா கிளெம் ஜெயிச்சான்."

"ஏதோ குருட்டாம்போக்குல சொல்லிட்டா?"

"நல்ல கேள்வி. அதுக்குத்தான் குலுக்கறது. எல்லாப் பேரையும் குலுக்கி இஷ்டத்துக்கு ஊர்மேல போடுவேன். திரும்பத் திரும்பப் போடுவேன். குலுக்கிப் போட்ட படமும் நிஜப் படமும் ஒண்ணுபோல இருந்தா, அவன் பாத்தது வெறும் ஆசை."

அடுத்த அறையில் படுத்திருந்த கிளெம் குரல் கொடுத்தார். "ஆயிரத்தைந்நூறு வருசமா அசையாம நின்ன ஊருங்க. சீட்டுக்கட்டு மாதிரி குலுக்கறா பாரு அலமேலு!"

அன்று மூன்று பேரும் சிரித்தோம். அந்த வீட்டில் நான் கேட்ட கடைசிச் சிரிப்பு அதுதான்.

அதற்குப் பிறகு நடந்த ஒரு வாக்குவாதத்தின்போது நான் அங்கே இல்லை. ஏவ்ரில் பிற்பாடு சொல்லித்தான் தெரியும். எவையெல்லாம் முதலில் வந்தவர்களுடைய ஊர்ப்பெயர்கள் என்று எப்படிப் பிரிப்பது என்பதில் வந்தது தகராறு.

"எழுத்தை வச்சுப் பிரிக்காதே. வாயை வச்சுப் பிரி" என்றாராம் கிளெம். "எழுத்துல எல்லாம் இங்ஹாம்தான். பழைய ஊரும் இருக்கும், பின்னாடி வந்தவன் பெருமைக்கு வச்ச பேரும் இருக்கும். இஞ்சம்னு வாயில வர்றதுதான் பழசு."

"எது இஞ்சம், எது இங்ஹாம்னு யார் சொல்றது? நீயா? ஜெயிக்கணும்னு நெனைக்கற ஆளே நடுவரா நின்னா அது ஆட்டமா? போகட்டும், இந்தப் பள்ளத்தாக்கு நாக்குக்கு எல்லா இங்ஹாமும் இஞ்சம்தான். அதுவும் நீ கேட்டது மரத்துப்போன வாயை."

"அது விருந்துல சும்மா வேடிக்கைக்குச் சொல்றதுடி."

"இப்போ அப்படித்தான் சொல்லுவ."

அவள் மேல் நான் குறை சொல்லமாட்டேன். எந்தக் கணக்குக்காரியும் அதையேதான் சொல்லியிருப்பாள். ஒரு மருந்துக் கம்பெனிக்காரன் வந்து எங்கள் மருந்தைச் சாப்பிட்டவர்களை நாங்களே பொறுக்கித் தருகிறோம் என்றால் விடுவாளா? எழுத்தை வைத்தே பிரித்தாள்.

ஜூலையில் ஒரு காலை, டீ ஆற்றிக் கொடுத்துவிட்டுச் சொன்னாள். "கிளெம், ஒண்ணுமில்லை. குலுக்கிப் போட்டாலும் அதேதான் வருது."

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "சந்தேகத்துக்கு இடமே இல்லையா?"

"இல்லை."

"சரி. ரொம்ப நன்றி, ஏவ்ரில்."

அவர் அவளுக்கு நன்றி சொல்லி அதுவரை யாரும் கேட்டதில்லை. அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும் அபூர்வம். தெற்கத்திக்காரி, அம்மணி, கணக்குப்பிள்ளை, எதையாவது சொல்லுவார். அன்றைக்கே சங்கத்துக்குப் போன் செய்து, உடம்பு சரியில்லை, பேச வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

திட்டியிருந்தால் தேவலை. கிளெம் மரியாதையாக நடக்கத் தொடங்கினார். தண்ணீர் வேண்டும் என்றால் "முடியுமானால்" என்றார். தலையணையைச் சரிசெய்தால் நன்றி என்றார். அந்த மரியாதையில் ஏவ்ரில் நாளுக்கு நாள் இளைத்துப்போனாள். அவர் நோயில் இளைத்தார், அவள் இதில் இளைத்தாள்.

ஆகஸ்ட் கடைசியில் நான் சூப் கொண்டுபோயிருந்தேன். வலி மருந்து கொண்டுவருகிற நர்ஸ் புதிது, வழி தெரியவில்லை என்று போனில் கேட்டாள். கிளெம் பதில் சொன்னார். "பாலம் தாண்டி இடது பக்கம் திரும்புங்க. பலகை இருக்கும். ஓர்லிங்ஹாம்."

சமையலறையில் ஏவ்ரில் கையில் இருந்த தட்டு நின்றது. என்னைப் பார்த்தாள். நானும் கேட்டேன் என்று என் முகத்தில் தெரிந்திருக்கவேண்டும். அவள் ஈரக் கையோடு உள்ளே போனாள்.

"கிளெம், ஏன் அப்படிச் சொன்ன?"

"எப்படி?"

"ஊர்ப்பேரை."

"அப்படித்தானே எழுதியிருக்கு" என்றார்.

குரலில் குத்தல் இல்லை. அதுதான் தாங்கமுடியவில்லை. பிறந்த ஊரின் பெயரை வெளியூர்க்காரன் மாதிரி சொல்லிவிட்டு அந்த மனிதர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதன் பிறகு சாகும்வரை அவர் வாயிலிருந்து ஓர்லிஞ்சம் வரவில்லை. ஏவ்ரில் காத்துக்கொண்டே இருந்தாள். யாராவது வந்தால் வேண்டுமென்றே ஊர்ப் பேச்சை எடுப்பாள், அவர் மறந்தாவது சொல்லிவிடுவாரோ என்று. சொல்லவில்லை.

நவம்பரில் போய்ச் சேர்ந்தார். கடைசியாகக் கேட்டது ஆறிப்போன டீ.

அடக்கம் முடிந்து ஊர் மன்றத்தில் டீயும் பன்றிக்கறி வைத்த ரொட்டியும். கூட்டமான கூட்டம். பள்ளத்தாக்கில் பாதிப் பேரின் பல் அவர் கைப்பட்டது. ஏவ்ரில் உட்காரமாட்டேன் என்று பெரிய கெட்டிலைத் தூக்கிக்கொண்டு எல்லாருக்கும் டீ ஊற்றிக்கொண்டிருந்தாள். நெவில் டாட் என்று ஓர் ஆட்டுப் பண்ணைக்காரர், கிளெமிடம் கடைவாய்ப் பல்லைப் பறிகொடுத்தவர், தாமதமாக வந்து மன்னிப்புக் கேட்டார்.

"தப்பா நெனைச்சுக்காதே தாயி. டன்னிங்ஹாம்ல நேரத்தோட கெளம்பிட்டேன். ஓர்லிஞ்சம் பாலத்துக்கிட்ட எவனோ மந்தையைக் குறுக்க விட்டுட்டான்."

ஏவ்ரில் ஊற்றுவதை நிறுத்தினாள். "திரும்பச் சொல்லுங்க."

"மந்தையைக் குறுக்க..."

"அது இல்லை. ஊரு. எங்கேருந்து எங்கே வந்தீங்க?"

"டன்னிங்ஹாம்லேருந்து ஓர்லிஞ்சத்துக்கு."

"ஏன் டன்னிஞ்சம்னு சொல்லலை?"

நெவில் சிரித்துவிட்டார். பிறகு இடம் தெரிந்து அடக்கிக்கொண்டார். "டன்னிஞ்சமா? அப்படி ஒரு ஊரே கெடையாதே தாயி. அப்படிச் சொன்னா எங்கம்மா செவுள்லயே குடுத்திருப்பா."

ஒரே வாய். ஒரே மூச்சு. ஒன்றை இங்ஹாம் என்றது, இன்னொன்றை இஞ்சம் என்றது. எல்லாவற்றையும் ஒன்றாக இழுக்கிற சோம்பேறி நாக்கு இல்லை அது. அந்த நாக்குக்கு வித்தியாசம் தெரிந்திருந்தது. அந்த வித்தியாசம் எழுத்தில்தான் இல்லை. ஏவ்ரில் கெட்டிலோடு என்னிடம் வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"அல்லி, கிளெம் ஊசி போட்டதுக்கு அப்புறந்தானே ஊரைக் கேப்பான்?"

"யாரு சொன்னா?" என்றேன் நான், ஒன்றும் தெரியாமல். "ஊசியைக் கையில எடுக்கறதுக்கு முந்தியே கேட்டுருவாரு. பேச்சுக் குடுத்தா பயம் தெளியும்ல? மரத்த வாயைக் கேட்டு என்ன பண்றது, எச்சில்தான் வரும்."

"அப்போ அந்த விருந்துக் கதை?"

"அது சிரிக்கறதுக்குச் சொல்றது, ஏவ்ரில்."

அவள் கெட்டிலைத் தரையில் வைத்தாள். "அதைத்தான் அவனும் சொன்னான்" என்றாள். "நான் நம்பலை." அப்போதுதான் அந்த வாக்குவாதத்தை முழுக்க எனக்குச் சொன்னாள்.

அந்தக் குளிர்காலம் முழுக்க நான் காரோட்டினேன், அவள் கதவு தட்டினாள். இங்ஹாம் என்று எழுதுகிற எந்த ஊரையும் விடவில்லை. காரணம் சொல்லமாட்டாள், சொன்னால் ஆட்கள் அவளைத் திருப்திப்படுத்தப் பார்ப்பார்களாம். "உங்க ஊர்ப் பேரை ஒரு தடவை சொல்லுங்க, போதும்" என்பாள். சொல்வார்கள். நன்றி சொல்லித் திரும்பிவிடுவாள். பாவம், புருஷன் போனதில் புத்தி பேதலித்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். என் காதுபடவே ஒருத்தி சொன்னாள். உன் பல்லைக் கட்டிவிட்டவர் பெண்டாட்டிதான் அது, வாயை மூடு என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மார்ச்சில் கூப்பிட்டாள். கணக்கு முடிந்திருந்தது. திரையில் என்னவோ புள்ளிகள்.

"ஜெயிச்சாரா?" என்றேன்.

"தெரியலை."

"தெரியலைன்னா?"

"இஞ்சம்னு சொல்ற ஊருங்க ரொம்பக் கொஞ்சம், அல்லி. ஆத்தோரமா, நல்ல மண்ணா இருக்கற மாதிரிதான் தெரியுது. ஆனா இவ்வளவு கொஞ்சத்தை வச்சு ஆமான்னும் சொல்ல முடியாது, இல்லைன்னும் சொல்ல முடியாது."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. பனியிலும் சேற்றிலும் அலைந்தது இதற்குத்தானா? செத்த மனுஷருக்காக ஒரு 'ஆமாம்' சொன்னால் எந்த உலகம் இடிந்துவிடும்? கேட்டேவிட்டேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை.

"சந்தேகமே இல்லையான்னு கேட்டான். இல்லைன்னு சொன்னேன். தெரியலைன்னு சொல்லியிருக்கணும். அதுதான் நிஜம். பொய் சொல்லவே வேண்டியிருந்திருக்காது, அல்லி. நிஜத்தைச் சொன்னாலே போதும். தெரியலைன்னு மட்டும் சொல்லியிருந்தா, கடைசி நாள் வரைக்கும் என்கூடச் சண்டை போட்டுக்கிட்டே செத்திருப்பான்."

கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

கல்லறைக் கல்லுக்கு ஏற்பாடு செய்ய ஏப்ரலில் இருவரும் டவுனுக்குப் போனோம். என் கார் பட்டறையில் இருந்ததால் பஸ். கல் செதுக்குகிறவர் பெயரையும் ஊரையும் எப்படி எழுதுவது என்று கேட்டார். ஏவ்ரில் எழுதிக் கொடுத்தாள். கல்லில் எழுத்தைத்தானே செதுக்க முடியும்.

திரும்புகிற பஸ்ஸில் எங்கள் வயதுக்காரர்களுக்குக் கட்டணம் கிடையாது. ஆனாலும் எங்கே போகிறோம் என்று கேட்டு டிரைவர் ஒரு சீட்டைக் கிழித்துக் கொடுப்பார். ஏவ்ரில் முன்னால் ஏறினாள்.

"எங்கேம்மா?"

அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நின்றாள். பின்னால் ஆட்கள் நெருக்கினார்கள்.

"ஓர்லிஞ்சம்" என்றாள்.

டிரைவர் பட்டனை அழுத்திச் சீட்டைக் கொடுத்தார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஏன் பார்க்கவேண்டும்? அந்தப் பாதையில் எல்லாரும் சொல்கிற பெயர்தானே. கைகொட்டிச் சிரித்து, பஸ்ஸையே நிறுத்தி, ஊரெல்லாம் போய்ச் சொல்லியிருக்கக்கூடிய ஒரே மனிதரைப் பற்றி இப்போதுதான் கல்காரரிடம் பேசிவிட்டு வந்திருந்தோம்.

ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பஸ் நகர்ந்த பிறகு கேட்டாள்.

"ஒழுங்கா சொன்னேனா?"

"ஒழுங்காத்தான் சொன்ன."

"அவன் சொல்ற மாதிரியே இருந்துதா?"

"அப்படியே இருந்துது, ஏவ்ரில்."

அவள் தலையாட்டினாள். பாலம் வந்தபோது கையிலிருந்த சீட்டைக் கசக்கிக்கொண்டு, வாழ்க்கையில் முதல்முறையாகத் தன் கணக்கை மீறிவிட்ட பயத்தோடு என் பக்கம் திரும்பினாள்.

"ஆனா அவன் நிரூபிக்கலையே, அல்லி" என்றாள். "இன்னும் நிரூபிக்கலையே." அதையே திரும்பத் திரும்பச் சொல்லி, பஸ்ஸில் எல்லாரும் பார்க்க அழுதாள்.